செங்கோடண்ணன் குடிக்க மாட்டாரு

மடியில இருக்கறத இப்படிக் குடுங்கண்ணே, மேல வெச்சுடறேன். மிக்சியா? கல்யாணத்துக்கா? நல்லது. அத்தை வீட்டுல ஒரு மிக்சி குடுப்பாங்க, மாமன் வீட்டுல ஒரு மிக்சி குடுப்பாங்க, நீங்க ஒண்ணு. மூணையும் அடுக்கி வெச்சுட்டு அதுங்க ரெண்டும் ஓட்டல்ல வாங்கித் தின்னும். சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. சேலத்துல ஏறுனதுல இருந்து இந்த பஸ்ஸுல சிரிச்ச முதல் ஆளு நீங்கதான்.

நான் தாலுக்கா ஆபீஸ் ஸ்டாப்புல இறங்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னால. எனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் நீங்களும் கொஞ்சம் பாத்துக்கங்க. பதினோரு மணிக்கு அங்க ஒரு விசாரணை. செங்கோடன்னு ஒருத்தர் செத்துப்போனாரு, அதப் பத்தி. நான் போயி சொல்ல வேண்டியது மூணே வார்த்தை. செங்கோடண்ணன் குடிக்க மாட்டாரு. எல்.கே.ஜி. புள்ள மூச்சு வாங்காமச் சொல்லிடும். நான் ஏற்கனவே ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டேன். இன்னிக்குத்தான் கடைசியாம். இன்னிக்கும் சொல்லலைன்னா ஃபைல மூடிடுவாங்களாம்.

எம்பேரு லோகு. பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் வரைக்கும் எலக்ட்ரிக்கல் படிச்சேன். வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டுனேன், அவரு பின்னாடி நின்னுட்டு இருந்தாரு, படிப்பு முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் செல்போன் கடை, பால் வண்டி, கோயில் விசேஷத்துல ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மைக் புடிக்கறது. எதுலயும் மூணு மாசம் தாண்டுனதில்ல. எங்கப்பா சொல்லுவாரு, உனக்குக் காலுல சக்கரம் இல்லடா, பின்னால தீப்புடிச்சிருக்குன்னு. அந்த ஆர்க்கெஸ்ட்ராவுலதான் கரட்டூர் சேகோ மில்லு முதலாளி என்னப் பாத்தாரு. "தம்பி நல்லாப் பேசற, நம்ம மில்லுக்கு வா"ன்னாரு.

நீங்க இன்னிக்குக் கல்யாணத்துல ஜவ்வரிசிப் பாயசம் குடிப்பீங்கல்ல, அது குச்சிக்கிழங்குல இருந்து வருது, மரவள்ளிம்பாங்கல்ல, அது. கிழங்க அரைச்சு மாவ எடுத்துட்டா மிச்சம் ஒரு தண்ணி நிக்கும். பாயசம் குடிக்கறவங்க அத மோந்து பாக்கக் கூடாது. அந்தத் தண்ணிய ஒரு குழியில உட்டு, அங்கிருந்து பெரிய தொட்டிக்கு அனுப்பி, மேல கறுப்பு ஷீட்டப் போட்டு மூடி வெச்சா புளிச்சு கேஸ் வரும். அந்த கேஸ்ல இஞ்சின் ஓடும், மில்லுக்குக் கரண்டு வரும். இதப் பாக்க ஆளுங்க வருவாங்கண்ணே. காலேஜ் பசங்க, பேங்க்காரங்க, வெளிநாட்டுக்காரங்க கூட ஒரு தடவை வந்தாங்க. வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டிப் பேசணும், அதுதான் என் வேலை. ரெஜிஸ்டர்ல ஹெல்பர்னு போட்டிருப்பாங்க. அது சும்மா பேருக்கு.

செங்கோடண்ணன் கேஸ் தொட்டி ஆளு. பதினாலு வருஷமா அதே வேலை. லாரியில லோடு ஏத்தறப்ப மூட்டை சரிஞ்சு வலது கால் முட்டி போயிருச்சு, அப்பறம் தொட்டிப் பக்கம் போட்டுட்டாங்க. நடந்தா ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு வருவாரு. வாயே தொறக்க மாட்டாரு. நான் பேசறதுல பத்துல ஒண்ணுதான் அவரு பேசுவாரு. அவங்க அப்பா குடிச்சே செத்தவரு, அதனால இவரு சரக்கு பாட்டில் காலியாக் கெடந்தாக்கூட சுத்திப் போவாரு. பன்னீர் சோடா குடுத்தாப் போதும், கண்ண மூடிக்கிட்டுக் குடிப்பாரு.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு காலேஜ் கும்பல் வந்துச்சு. நான் மைக்ல பேசிட்டு இருக்கேன், அண்ணன் சாஞ்சு சாஞ்சு அந்தப் பக்கம் போறாரு, காலு வழுக்கி லேசாத் தடுமாறிட்டாரு. பசங்க சிரிச்சாங்க. நான் சும்மா இருப்பனா? "இவருதாங்க எங்க கேஸ் மாஸ்டர், கேஸ் டெஸ்ட் பண்றதுக்காகக் காலையிலயே ஒரு குவாட்டர் டெஸ்ட் பண்ணிட்டாரு"ன்னேன். ஆளுங்க உக்கார்ற கொட்டாயே அதிருது. அண்ணன் திரும்பிப் பாத்தாரு. கோவிச்சுக்குவாரோன்னு பாத்தேன். அவரு என்ன பண்ணாரு தெரியுமா, இன்னும் ரெண்டடி தள்ளாடிக் காட்டுனாரு. அந்த மனுசனுக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அதுல இருந்து எந்தக் கும்பல் வந்தாலும் அது ஒரு ஐட்டம். நான் கேஸப் பத்திப் பேசுவேன், பின்னால குழி மேட்டு மேல அண்ணன் தள்ளாடிட்டுப் போவாரு, நான் கமெண்டரி குடுப்பேன். "முதல் ரவுண்டு முடிஞ்சுது, ரெண்டாவது ரவுண்டுக்குப் போறாரு, சைடிஷ் தேடறாரு." முடிஞ்சதும் நான் ஒரு பன்னீர் சோடா வாங்கித் தருவேன். ஒம்பது மாசம் அந்த வேலையில இருந்தேண்ணே. என் வாழ்க்கையிலயே ஒம்பது மாசம் ஒரே எடத்துல இருந்தது எங்கம்மா வயித்துக்கு அப்பறம் அங்கதான்.

இந்த நடிப்பு ஒருத்தருக்குத்தான் புடிக்காது. அவங்க சம்சாரம், பாவாயிக்கா. கிழங்கு தோல் சீவற செட்டுல வேலை. ஒரு நாள் என்னக் கூப்பிட்டு, "ஏந்தம்பி, குடிக்காத மனுசன வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் குடிகாரனாக் காட்டறயே, உனக்கு வேற ஆளு கெடைக்கலியா?"ன்னாங்க. நான், "அக்கா, குடிக்கறவன் நடிச்சா அது நடிப்பா? குடிக்காதவரு நடிக்கறதுதான் திறமை"ன்னேன். பக்கத்துல தோல் சீவறவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அக்கா கத்திய எடுத்துக் கிழங்கச் சீவ ஆரம்பிச்சுட்டாங்க.

வாழப்பாடி வந்துருச்சா. டீ சாப்பிடறீங்களா, ஜன்னல்லயே குடுப்பான். வேண்டாமா? சரி.

முன்னோடிகள் பேரவைன்னு டவுன்ல ஒண்ணு இருக்குதுங்க. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, அவங்களே சொல்லிக்கிட்டாத்தான் தெரியும். ஜவுளிக்கடைக்காரரு, ஸ்கூல் தாளாளர், வக்கீலு, பல் டாக்டரம்மா, இன்சூரன்சு, இப்படி இருவத்திரெண்டு பேரு. ஊரோட வருங்காலத் தலைவர்களாம். எல்லாருக்கும் வயசு அம்பதுக்கு மேல, வருங்காலம் எப்ப வரும்னு தெரியல. வருஷத்துக்கு ஒரு நாள் பஸ் புடிச்சுக் களப்பயணம். அந்த வருஷம் வேளாண்மையும் எரிசக்தியும். காலையில சொட்டு நீர்த் தோட்டம், அப்பறம் சோலார்ல ஓடற குளிர்பதனக் கிடங்கு, கடைசியா நம்ம மில்லு. எல்லாருக்கும் ஒரே மஞ்சக் கலர் டீ-சர்ட்டு, தொப்பி.

முதலாளி ஒரு வாரமாத் தூங்கல. பக்கத்துல அஞ்சு ஏக்கர்ல ரெண்டாவது தொட்டி கட்டணும், சனங்க நாத்தம்னு மனு குடுத்திருக்காங்க, இந்த இருவத்திரெண்டு பேரு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊரு அடங்கிரும்னு அவருக்குக் கணக்கு. நாத்தம் தெரியக் கூடாதுன்னு எல்லாருக்கும் மாஸ்க் வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஜவ்வாது தடவச் சொன்னாரு. நான்தான் தடவுனேன். ரெண்டு நாள் என் கையி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணந்துச்சு.

செங்கோடண்ணன் அதப் பாத்துட்டு சொன்னாரு. "நாத்தம் அடிச்சாப் பயமில்ல லோகு. அடிச்சுட்டே இருந்து திடீர்னு நின்னுச்சுன்னா, அப்பத்தான் ஓடியாந்துரணும்." அந்த கேஸ் அப்படித்தானாம், அதிகமானா மூக்கு செத்துப்போயிருமாம். நான், "அப்ப எங்க சித்தப்பன் வீட்டுல எப்பவுமே ஆபத்து இல்லண்ணே"ன்னேன். சிரிச்சாரு.

பதினோரு மணிக்கு வர வேண்டிய பஸ்ஸு மூணரைக்கு வந்துச்சு. என்னான்னா, வெயிலு. அந்தக் குளிர்பதனக் கிடங்குல உள்ள போனவங்க வெளிய வரவே இல்லையாம். முருங்கைக்காயோட முருங்கைக்காயா உக்காந்துட்டாங்களாம். இங்க முதலாளி காலையில இருந்து இஞ்சின ஓட்டிக்கிட்டு இருக்காரு, வந்ததும் லைட்டெல்லாம் கேஸ்லயே எரியணும்னு. கேஸு தீந்துட்டே வருது.

நம்ம ஷோவுல கடைசி ஐட்டம் தீ. கொட்டாய்க்கு முன்னால ஒரு பைப்பு நிக்கும், வால்வத் தொறந்து பத்தவெச்சா ஆளு உசரத்துக்கு நீலமா எரியும். "கிழங்கு கழுவுன தண்ணி எரியுது பாருங்க"ம்பேன். எல்லாரும் கை தட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, முடிஞ்சுது. அன்னிக்கு எல்லாரும் ஜவ்வாது மாஸ்க்கோட உக்காந்தாச்சு. ஜவுளிக்கடை ஞானவேல் சாரு, அவருதான் பேரவைத் தலைவரு, செல்போன்ல வீடியோ எடுக்க நின்னுட்டாரு. நான் வால்வத் தொறக்கறேன், சாமி விளக்கு மாதிரி ஒரு சொட்டுத் தீ. உடனே அதுவும் போச்சு.

முதலாளி மூஞ்சியப் பாக்கணுமே. அந்த நேரத்துல செங்கோடண்ணன் மேட்டு மேல குழிப் பக்கம் போனாரு. குழியில மேலாக்க ஏடு கட்டிரும்ணே, பால் மேல ஆடை மாதிரி, ஆனா ஒரு சாண் கனம். அது அடைச்சுக்கிட்டா தொட்டிக்குத் தண்ணி போகாது, கேஸ் வராது. குறுக்கால ஒரு பலகை கெடக்கும், அதுல நின்னு மூங்கில்ல குத்தி உடைக்கணும். அவரா போனாரு. அவருக்குத் தெரியாத வேலையா?

நான் சனங்கள சமாளிக்கணுமில்ல, ஆரம்பிச்சுட்டேன். "கேஸு கொஞ்சம் வெக்கப்படுது, பெரிய மனுசங்களப் பாத்ததில்ல. நம்ம மாஸ்டர் போயி சமாதானம் பண்ணுவாரு. அவரு நிதானமா இருந்தா"ன்னேன். அண்ணன் பலகையில ஏறுனாரு. ரெண்டு குத்து குத்துனாரு. தள்ளாடுனாரு. "முதல் ரவுண்டு"ன்னேன். சிரிப்பு. மூங்கில ஊனிக்கிட்டு நின்னாரு, தலைய ஆட்டுனாரு, மறுபடி தள்ளாடுனாரு. அன்னிக்கு நடிப்பு வழக்கத்த விட பிரமாதம்ணே, நானே அசந்துட்டேன். "ரெண்டாவது ரவுண்டு. பாருங்க, சைடிஷ் தேடறாரு." அவரு குனிஞ்சாரு. குனிஞ்சு பலகையக் கையில புடிச்சாரு.

அதே நேரம் பைப்புல குபீர்னு தீ. நான் வால்வ மூடல, பக்கத்துல தீப்பந்தம் எரிஞ்சிட்டு இருந்துச்சு. ஆளு உசரத்துக்கு மேல, நீலமா, அப்படி ஒரு தீ அதுக்கு முன்னால வந்ததே இல்ல. இருவத்திரெண்டு பேரும் எந்திரிச்சு கை தட்டறாங்க. முதலாளி கண்ணுல தண்ணி.

பல் டாக்டரம்மா மட்டும் தீயப் பாக்கல. அவங்க மாஸ்க்க எறக்கிட்டு மேட்டயே பாத்துட்டு இருந்தாங்க. "அந்த ஆளு எங்க?"ன்னாங்க.

பாத்தேன். பலகை இருக்கு. ஆளு இல்ல.

நான் உடனே ஓடுனேன்.

அதாவது... உடனேன்னா, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடுனேன். "படுத்துட்டாரு மேடம், இனி நாளைக்குக் காலையிலதான் எந்திரிப்பாரு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மைக்ல சொன்னேன்.

ஞானவேல் சாரு வீடியோவுல எல்லாம் இருக்கு. விசாரணையில போட்டுக் காட்டுனாங்க. ஆபீசரம்மா டைம் பாத்து எழுதிக்கிட்டாங்க. டாக்டரம்மா கேட்டதுல இருந்து நான் மைக்கக் கீழ வெக்கற வரைக்கும் ஒண்ணே முக்கால் நிமிஷம். எனக்கு உடனேன்னுதான் ஞாபகம். இப்பவும் கண்ண மூடுனா உடனேதான் ஓடறேன்.

தீயணைப்பு வண்டி வந்து எடுக்கறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. நான் குழி கிட்டப் போனேண்ணே, சொல்றதுக்குத்தான சொல்றேன், பத்தடி தூரத்துல நாத்தம் அடிச்சுது, அஞ்சடியில இன்னும் பலமா அடிச்சுது, அப்பறம் சுத்தமா நின்னு போச்சு. ஒண்ணுமே வாசமில்ல. அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. திரும்பி ஓடியாந்துட்டேன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க. தாலுக்கா ஆபீஸ். ஆமா, ஒண்ணுதான்.

எங்க விட்டேன்? ஆங். இருவத்திரெண்டு பேரும் வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டாங்க. வக்கீலு ஒருத்தரு கூட இருந்தாருல்ல, அவரே டைப் அடிச்சு எல்லாருக்கும் கையெழுத்துக்கு நீட்டிட்டாரு. இருவத்திரெண்டுலயும் ஒரே வரி. "இறந்தவர் மது அருந்தியிருந்தார் என்பதை ஆலையின் வழிகாட்டியே எங்களிடம் தெரிவித்தார். அவர் தள்ளாடியதை நேரில் கண்டோம்." வழிகாட்டி யாரு, நான். டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. போஸ்ட்மார்ட்டத்துல என்னான்னா, அவரு வயித்துல எல்லாம் அந்தப் புளிச்ச தண்ணி, அதனால உறுதியாச் சொல்ல முடியாதுன்னு எழுதிட்டாங்க. அப்ப என்ன மிச்சம்? என் வாயி.

முதலாளி கூப்பிட்டாரு. மிரட்டுவாருன்னு நெனச்சுட்டுப் போனேன். மோரு குடுத்தாரு. "லோகு, உன்ன நான் பொய் சொல்லச் சொல்லல. அன்னிக்கு மைக்ல என்ன பேசுனயோ அதையே பேசு"ன்னாரு. நல்ல மனுசன்ணே. அடுத்த வாரமே சூப்பர்வைசர் ஆக்கிட்டாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ரொம்ப நாளாவே சொல்லிட்டு இருந்தாரு. உக்கார சேர் ஒண்ணு குடுத்திருக்காரு, சுத்தற சேரு. சுத்தி உக்காந்தா ஜன்னல்ல மேடு தெரியும். அதனால நான் சுத்தறதில்ல.

பாவாயிக்கா ஒரு தடவைதான் வந்தாங்க என்கிட்ட. கூட அவங்க பொண்ணு, கோகிலா, எட்டாவது படிக்குது. அழுவாங்க, சாபம் விடுவாங்கன்னு நான் நாலு பதில் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அக்கா நின்னுக்கிட்டே பேசுனாங்க. "குடிச்சுட்டு விழுந்தாருன்னு எழுதிட்டா மில்லுக்கு ஒரு பொறுப்பும் இல்லன்னு ஆயிருமாம். அத விடு, நான் தோல் சீவிப் பொழச்சுக்குவேன். இவள ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுங்கறாங்க. இவங்க அப்பன் குடிக்க மாட்டாருன்னு சொல்லு. நீ சொன்னதாலதான் எல்லாரும் சொல்றாங்க. நீயே மாத்திச் சொல்லு." அவ்வளவுதான். அந்தப் புள்ள என்னயே பாத்துட்டு இருந்துச்சு. நான் அதுக்கிட்ட, "என்ன கோகிலா, கணக்குல எத்தன மார்க்கு?"ன்னேன். அப்பவும் பாத்துட்டுத்தான் இருந்துச்சு.

முதல் விசாரணைக்குப் போனேன். சொல்லத்தாண்ணே போனேன். "அவரு குடிக்கல மேடம், குடிச்ச மாதிரி நடிச்சாரு"ன்னேன். ஆபீசரம்மா நிமிந்து பாத்தாங்க. எழுதிட்டு இருந்த கிளார்க் ஒருத்தரு, "நடிச்சாரா? எப்படி நடிச்சாரு?"ன்னு கேட்டாரு. கெட்ட எண்ணத்துல கேக்கல, புரியாமத்தான் கேட்டாரு.

எந்திரிச்சு நடந்து காட்டுனேன்.

எனக்கு அது நல்லா வரும்ணே. வலது காலச் சாச்சு, தோள ஒரு பக்கம் தொங்கவிட்டு, ரெண்டடி போயி தடுமாறி, மேசையப் புடிச்சு... கிளார்க் சிரிச்சுட்டாரு. பியூன் சிரிச்சாரு. முதலாளியோட வந்த வக்கீலு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன், அவங்க சிரிச்சா எனக்கு நிக்காது. திரும்பறேன், கதவுகிட்ட பாவாயிக்கா. அவங்க புருசன் நடக்கற மாதிரியே நான் நடந்ததப் பாத்துட்டு நிக்கறாங்க.

அதுக்கப்பறம் வாக்குமூலத்துல என்ன எழுதுனாங்கன்னு நான் படிச்சுப் பாக்கல. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை போகவே இல்ல. வயித்து வலின்னு சொல்லிட்டேன். நெசமாவே வலிச்சுது.

நீங்க ஏண்ணே ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க? வாழப்பாடியோட சிரிக்கறதையும் நிறுத்திட்டீங்க.

என்ன கேட்டீங்க?

இல்ல, கரெக்டுதான். கேக்க வேண்டிய கேள்விதான். அவரா எதுக்குப் போவாரு, யாரும் சொல்லாம? இருவத்திரெண்டு பெரிய மனுசங்க, ஆபீசரம்மா, வக்கீலு, ஒருத்தரும் அதக் கேக்கலண்ணே. மிக்சி எடுத்துட்டுக் கல்யாணத்துக்குப் போற ஆளு நீங்க கேக்கறீங்க.

நான் தொப்பியக் கழட்டுனேன்.

எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு ஏற்பாடு. ஷோவுல நான் மில்லுத் தொப்பி போட்டிருப்பேன், நடுவுல தீ கம்மியாப் போனா அதக் கழட்டித் தலையச் சொறியணும். அதப் பாத்ததும் அண்ணன் போயி ஏட்ட உடைக்கணும். வேற யாருக்கும் தெரியாது. முதலாளிக்கே தெரியாது. வீடியோவுல இருக்கு, நான் தொப்பியக் கழட்டறது நல்லாத் தெரியுது. வேர்க்குதுன்னு நெனச்சுட்டாங்க.

இருங்க, இன்னும் இருக்கு. இத்தன சொல்லியாச்சு.

குழிகிட்ட ஒரு போர்டு இருக்கும். ரெண்டு ஆளு, ஒரு கயிறு. பலகையில நிக்கறவன் இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல கயிறு, கயித்தோட மறுமுனைய இன்னொருத்தன் மேட்டுல நின்னு புடிச்சிருக்கணும். தனியா யாரும் பலகையில கால் வெக்கக் கூடாது. வர்றவங்களுக்கெல்லாம் அந்த போர்ட நான்தான் படிச்சுக் காட்டுவேன், "எங்க பாதுகாப்பு ஏற்பாடு"ன்னு. ஒம்பது மாசமாக் கயிறு புடிச்ச ரெண்டாவது ஆளு யாருன்னு நெனைக்கறீங்க? ஹெல்பர். பேருக்குன்னு சொன்னேன்ல, பேருக்கு இல்ல. எப்பவும் ஷோவுக்கு முன்னாடியே போயி நான் கயித்தப் புடிப்பேன், அவரு குத்துவாரு, வந்து மைக்கப் புடிப்பேன். ஷோ நடுவுல தீ போயி தொப்பியக் கழட்ட வேண்டி வந்தது அன்னிக்குத்தான் முதல் தடவை. மைக்கு என் கையில.

தொப்பியக் கழட்டுனேன். அண்ணன் என்னப் பாத்தாரு. பாத்துட்டு, குனிஞ்சு கயித்தத் தூக்கிக் காட்டுனாரு. வான்னு அர்த்தம். முதலாளி என்னயே பாக்கறாரு, இருவத்திரெண்டு பேரும் என்னயே பாக்கறாங்க. அப்பத்தான் ஒரு ஜோக்க பாதியில நிறுத்தியிருந்தேன். நான் தொப்பிய ஆட்டுனேன். போங்கண்ணே, நீங்களே போங்கன்னு. அவரு கயித்தக் கீழ போட்டுட்டுப் போனாரு.

இப்பப் புரியுதா, மூணு வார்த்தை ஏன் வாய்ல வர மாட்டேங்குதுன்னு? செங்கோடண்ணன் குடிக்க மாட்டாருன்னு சொன்னா, அப்ப ஏன் தள்ளாடுனாருன்னு கேப்பாங்க. ஏட்டுக்கு அடியில இருந்து வந்த கேஸு. கேஸுல ஏன் போனாரு? ஒருத்தன் போகச் சொன்னான். கயிறு ஏன் இல்ல? அந்த ஒருத்தன்தான் கயிறு. அப்பறம் சூப்பர்வைசர் சேர்ல சுத்த முடியாது, உள்ளதான் உக்காரணும். எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.

அதனால என்ன யோசிச்சு வெச்சிருந்தேன்னா, குடிக்க மாட்டாருன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கலாம்னு. மேல கேட்டா ஏதாவது சொல்லி... இல்லண்ணே. சிரிக்க வெச்சுருவேன். எனக்குத் தெரியும். அந்தக் கிளார்க் நிமிந்து பாத்தா என் காலு தானா சாயும்.

ஸ்டாப்பு வந்துருச்சா?

ஆமா, வந்துருச்சு.

கூட்டமா ஏறுது பாருங்க. இப்ப இறங்குனா மிதிச்சுருவாங்க. பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிடறேன். அங்கிருந்து திரும்பி நடந்தா பத்து நிமிஷம். பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆபீசுல என்னிக்கு நேரத்துக்கு ஆரம்பிச்சாங்க? உங்களுக்கும் மிக்சிய எறக்கிக் குடுக்க ஒரு ஆளு வேணுமில்ல.

அந்த வேப்பமரத்துக்கிட்டப் பாருங்க. பச்சச் சேலை. அவங்கதான். பக்கத்துல அந்தப் புள்ள, யூனிஃபார்ம்ல. ஸ்கூலுக்கு லீவு போட வெச்சு கூட்டியாந்திருக்காங்க. இறங்கறவங்க மூஞ்சிய ஒண்ணொண்ணாப் பாக்கறாங்க பாருங்க. நான் இந்த பஸ்ஸுல வருவேன்னு சொல்லியிருந்தேன். பின்வாசல்ல ஒருத்தன் இறங்கறான், என்ன மாதிரியே இருக்கான், ஒரு எட்டு முன்னால வந்துட்டுத் திரும்பிட்டாங்க.

விசில் அடிச்சுட்டான்.

குனிஞ்சுட்டேன். பாத்துட்டாங்களா? நீங்க பாத்துச் சொல்லுங்க. அக்கா பாக்கலையா? புள்ள?

புள்ள பாத்துருச்சா.

கை காட்டுதா? அம்மாகிட்டச் சொல்லுதா? சும்மா பாத்துட்டு நிக்குதா. அன்னிக்கு மாதிரியே.

அண்ணே, கொஞ்சம் காலை நகத்துங்க. இல்ல, ஸ்டாண்டுக்கு வேண்டாம், அங்க போனா நான் அப்படியே சேலத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துருவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். கண்டக்டரே, ஒரு நிமிஷம். இறங்கணும். தூங்கிட்டேன்னு வெச்சுக்கங்க, எது வேணா வெச்சுக்கங்க. நிறுத்த மாட்டீங்களா? சரி, மெதுவாவாவது போகச் சொல்லுங்க, குதிச்சுக்கறேன்.

மிக்சி மேல இருக்கு, மறந்துராதீங்க.

அந்தப் புள்ள பாத்துக்கிட்டு இருக்குதுண்ணே. ஓடற பஸ்ஸுல இருந்து இறங்குனா ரெண்டடி தள்ளாடத்தான் செய்யும். நீங்க சிரிச்சுராதீங்க.